டைகர் லண்டன் போகிறது

"பாத்துக்கிட்டே இருங்க. இந்தத் தடவையும் நாய் போகாது. அந்த மனுசன் ஏதாச்சும் பண்ணி வைப்பாரு!"

காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே ஜொய்சி தன் புருஷன் ஜெரோஷனிடம் பொரிந்து தள்ளினாள். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆபீசில் அவளுக்கு வேலை. அந்த மனுசன் என்பது பங்களாச் சமையல்காரர் சின்னத்தம்பி. நாய், அந்தப் பங்களாவில் இருந்து தோட்டத்தை நடத்திய, செத்துப்போன பெரிய தொரையின் டைகர்.

தொரையின் மகள், இந்தப் பங்களாவிலேயே வளர்ந்த கேத்ரின், லண்டனில் இருக்கிறாள். சொந்த விமானம் வைத்திருக்கும் அளவுக்குப் பணக்காரி. அப்பாவின் நாயைத் தன்னோடு கொண்டுபோக இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பினாள்.

சொந்த விமானம்தானே, நாயை மடியில் போட்டுக்கொண்டு பறந்தால் என்ன என்று ஜொய்சிகூட முதலில் நினைத்தாள். அந்தக் கதையே நடக்காது. விமானம் யாருடையது என்றாலும் நாய்க்குச் சட்டம் ஒன்றுதான். முதலில் தோலுக்கடியில் அடையாளச் சிப், அதற்குப் பிறகுதான் விசர்நாய்த் தடுப்பூசி. ஒரு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை, பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. கிளம்புவதற்கு முந்தின நாள் மிருக டொக்டர் தன் கையால் பூச்சி மாத்திரை கொடுக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் பயணம் இல்லை.

முதல் தடவை சிப்புக்கு முன்னாலேயே ஊசி போட்டாகிவிட்டது. அடுத்த தடவை, ஊசி போட்ட சூட்டோடு இரத்தம் எடுத்துவிட்டார்கள். செல்லாது என்று லண்டனில் கைவிரித்தார்கள்.

இரண்டு தடவையும் டைகரை டொக்டரிடம் கூட்டிப் போனது யார்? சின்னத்தம்பி!

"ஏன் பண்ணுறாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் ஜொய்சி. "பங்களாவ ஹோட்டல் ஆக்கப் போறாங்க. நாய் இருக்குற வரைக்கும்தான் அவருக்கு வேல. வேல இருக்குற வரைக்கும்தான் அந்த வீடு."

பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டின் சாவியை, நாய் போனதும் ஜொய்சிக்குத் தருவதாக மனேஜர் சொல்லியிருந்தார். அவளும் என்னதான் செய்வாள்? அவர்கள் குடியிருக்கும் லயத்து அறையின் கூரை ஒழுகி ஒழுகி, மழை வந்தால் பாயைச் சுற்றிச் சட்டி வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

கேத்ரின் முந்தின நாளே பங்களாவுக்கு வந்துவிட்டாள். விமானம் நாளைக்குக் கிளம்புகிறது. இனி அவள் வருவது அடுத்த வருசம்தான். பின்னேரம் டொக்டர் அம்ஹர் மாத்திரையோடு வர வேண்டும்.

ஆபீஸ் முடிந்ததும் ஜொய்சி நேரே பங்களாவுக்குப் போனாள். அவள் கண்ணிலேயே பட்டது. சின்னத்தம்பி இங்கேயும் அங்கேயும் பார்த்தார். கக்கத்தில் ஒரு கம்பளி. டைகரை விறகுக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

ஜொய்சி ஓடிப்போய்க் கேத்ரினைக் கூப்பிட்டாள். "மேடம், வாங்க! கையும் களவுமா காட்டுறேன்."

கதவிடுக்கில் இருவரும் கண் வைத்தார்கள்.

உள்ளே விமானத்துக்கென்று வந்த நாய்ப்பெட்டி. அதற்குள் கம்பளி, கம்பளி மேல் டைகர். சின்னத்தம்பி பெட்டிக்குள் கையை விட்டபடி வெறுந்தரையில் படுத்திருந்தார்.

"பயப்புடாத ராசா. தெனம் வந்து படுத்துப் பழகிட்டேல்ல? நாளைக்கும் இப்படித்தான். என்னோட கம்பளிதான், வாசம் தெரியுதா? அங்க நம்ம கேத்ரின் பேபியம்மா இருப்பாங்க. என்னையத் தேடிக்கிட்டு சாப்புடாம மட்டும் கெடக்காத."

ஜொய்சிக்கு வெட்கமாக இருந்தது. மெதுவாகப் பின்வாங்கினாள்.

"மன்னிச்சிருங்க மேடம். ஊசியெல்லாம் கொழப்புனது இவருதான்னு நெனச்சிட்டேன்."

"அவரு இல்ல ஜொய்சி. நான்தான்."

"நீங்களா!"

"நாயக் கொண்டு போங்கன்னு மனேஜர் நெருக்குறாரு. அதான் டொக்டரக் கெஞ்சிக் கூத்தாடிப் பிழை விடச் சொன்னேன். நாய் போனா அவரு எங்க போவாரு? ஒரு வீடு வாங்கித் தாறேன்னேன். 'வேலையாளுங்க பேர் கூப்புடுற பெரட்டுல பேர் இல்லாதவனுக்கு எதுக்கும்மா வீடு'ன்னு சிரிக்கிறாரு. செஞ்ச வேலைக்குத்தான் எதையும் வாங்குவாரு." கேத்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தத் தடவை டொக்டர் முடியாதுன்னுட்டாரு. மூணாவது தடவையும் அவரே பிழை விட்டா அவரோட பேரு கெட்டுப் போகுமாம்."

அந்த வீட்டுச் சாவி யாருக்குப் போகப்போகிறது என்பது பாவம், கேத்ரினுக்குத் தெரியாது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. டொக்டர் அம்ஹர் பையைத் திறந்துகொண்டே இறங்கினார்.

"எங்க நம்ம டைகர்? மாத்திரையக் குடுத்துருவோம்."

ஜொய்சி ஒரு கணம் கொட்டில் கதவைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று ஜீப்பிடம் போனாள்.

"டொக்டர், மாத்திரை நான் மத்தியானமே வாங்கிக் குடுத்துட்டேன். நீங்கதான் குடுக்கணும்ங்கறது மறந்தே போச்சு. அது மேல இன்னொண்ணு குடுக்கக் கூடாதுல்ல?"

அம்ஹர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற கேத்ரினைப் பார்த்தார். பையை மூடினார்.

"இண்டைக்குக் கூடாதுதான்" என்றார்.

ஜொய்சி லயத்துக்கு வந்து சேரும்போது மழை பிடித்துவிட்டது. ஜெரோஷன் சட்டிகளைப் பரப்பிக்கொண்டிருந்தான்.

"என்ன, நாய் போகுதா? சாவி எப்பக் குடுப்பாங்களாம்?"

"நாய் போகல."

"நீ சொன்ன மாதிரியே ஆயிருச்சே! அந்த மனுசன்தானே பண்ணுனாரு?"

"இல்லங்க, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே, புதிதாக ஒழுகிய இடத்தில் ஜொய்சி இன்னொரு சட்டியை வைத்தாள்.