முதல் நூறு வரிகள்

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, முற்பகல் 10.40. வெளியே தூறல்.

தரவுப் பிரிவுக் கண்காணிப்பாளர், இடமாறுதல் கேட்டவர்களின் பட்டியலைத் தரவுத்தளத்தில் வினவி எடுத்து, கோப்பாக ஏற்றுமதி செய்தார். பணியாளர் எண் வரிசை, வரிக்கு ஒருவர், ஒரு காற்புள்ளிகூட இடம் பிசகவில்லை.

இயக்குநரின் சுற்றறிக்கையையே ஒற்றுப்பிழை திருத்தித் திருப்பி அனுப்பியவர் அவர். அவருடைய கோப்பில் பிழை தேடுவது வீண் வேலை என்பது அலுவலகத்தின் ஒருமித்த கருத்து. அக்கருத்தைத் தோற்றுவித்தவரும் அவரே.

கோப்புடன் ஆண்டுதோறும் ஒரு சான்றிதழ் போகும்: 'விண்ணப்பித்தோர் அனைவரும் இதில் உளர். ஒருவரும் விடுபடவில்லை.' கீழே அவருடைய கையொப்பம்.

அவர் மனைவி, எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பாலுள்ள கிளையில் வேலை பார்த்தார். மகளும் அங்கேதான். ஆறு முறை இடமாறுதல் கேட்டாயிற்று, இது ஏழாவது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் கணவனும் மனைவியும் சேர்ந்து இயக்குநரைத் திட்டுவார்கள். இல்லறம் என்று மிஞ்சியிருந்தது அவ்வளவே.

"அந்த மனுஷனுக்குக் கண்ணுல என்னங்க கோளாறு? வருஷா வருஷம் என் பேரு மட்டும் தெரிய மாட்டேங்குது" என்றார் மனைவி, போன ஞாயிறு.

பக்கத்து மேசைக்காரர் வேலைக்கு வந்து மூன்று நாள். அலுவலகத்தின் ஒருமித்த கருத்து இன்னும் அவரை எட்டவில்லை.

"சார், திரையில நூத்தி முப்பத்தொண்ணுன்னு காட்டுது. கோப்புல நூறு பேர்தான் இருக்காங்க. மிச்சப் பேரு டீ குடிக்கப் போயிட்டாங்களா?"

திரையில் ஏற்றுமதிப் பெட்டியின் மூலையில் சிறிய டிக் ஒன்று இருந்தது: 'முதல் நூறு வரிகள் மட்டும்.'

ஆறு ஆண்டுகளுக்கு முன், சோதனைக்காக அவரே இட்டது, எடுக்க மறந்தது.

மனைவியின் பெயர் நூற்றுப் பதினேழாம் வரியில் இருந்தது.

"சாஃப்ட்வேர் கோளாறு" என்றார்.

டிக்கை எடுத்துவிட்டு, நூற்று முப்பத்தொரு வரிகளையும் ஏற்றுமதி செய்தார். கடந்த ஆண்டுகளைப் பற்றி இயக்குநருக்கு ஒரு குறிப்பு எழுதத் தொடங்கினார். முதல் வாக்கியத்துக்கு 'நான்' என்பதைத் தவிர வேறு எழுவாய் அமையவில்லை. அழித்தார். வழக்கமான சான்றிதழை மட்டும் இணைத்து அனுப்பினார்.

மாலை 4.15. தூறல் விட்டிருந்தது. இயக்குநரின் உதவியாளர் முடிவை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நூற்றுப் பதினேழாம் வரிக்கு எதிரே, இயக்குநரின் கையொப்பத்துக்கு மேலே இவ்வாறு இருந்தது:

'நிராகரிக்கப்படுகிறது. ஏற்கெனவே ஆறு முறை விண்ணப்பித்ததாக இவர் தம் விண்ணப்பத்தில் கூறுவது பொய். முந்தைய பட்டியல்களில் இவர் பெயர் இல்லை. அவற்றில் ஒருவரும் விடுபடவில்லை என்பதற்குத் தரவுப் பிரிவின் ஆறு சான்றிதழ்கள் உள.'

இருமுறை படித்தார். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை.