கம்பத்துக்குப் போகும் பந்து

ஒஸ்லோவில் பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. மைதான விளக்குகளின் கீழே தூறல் வெள்ளை நூல்களாக இறங்குகிறது. பல்கலைக்கழக லக்ரோஸ் அணியின் கோல் கீப்பர் வினோஜா, நுனியில் வலை கட்டிய தடியைப் பிடித்தபடி கம்பங்களுக்கு நடுவே நிற்கிறாள். அவளுடைய ஆட்டத்தை முதன்முறையாகப் பார்க்க நகரோரத்து எல்லிங்ஸ்ருட்டிலிருந்து வந்த அப்பா, கோலுக்குப் பின்னால் எல்லைக் கோட்டுக்கு வெளியே தேத்தண்ணிப் போத்தலோடு நிற்கிறார். எதிரணிக்காரி தடியைச் சுழற்றி வீசிய கட்டி ரப்பர் பந்து, வினோஜாவின் காதோரமாகச் சீறிப்போய் இரும்புக் கம்பத்தில் 'டாங்' என்று மோதித் தெறிக்கிறது. கோல் இல்லை. தோழிகள் ஆரவாரிக்கிறார்கள். சிரித்தபடி திரும்பிய வினோஜா, அப்பா ஈரப் புல்லில் குப்புறக் கிடப்பதைக் காண்கிறாள். சண்டைக் காலத்தில் ஊரில் ஷெல் குண்டு விழும்போது படுத்ததைப் போல, அவருடைய இரண்டு கைகளும் காதுகளைப் பொத்தியிருக்கின்றன.

"மூடி விழுந்திட்டுது பிள்ளை, அதைத்தான் தேடினனான்" என்று எழுந்து முழங்காலைத் தட்டுகிறார். மூடி போத்தலில்தான் இருக்கிறது.

"ஓம் அப்பா. குளிருது, நீங்கள் வீட்டை போங்கோவன்."

"இல்லை, நான் நிக்கிறன்."

எதிரணி மறுபடியும் வருகிறது. தடி சுழல்கிறது. இந்தப் பந்தும் கோலுக்குள் வராது, கம்பத்துக்குத்தான் போகிறது என்று அவளுக்குத் தெரிகிறது. பேசாமல் விட்டுவிடலாம். அவள் பாய்ந்து, கவசமில்லாத தன் தொடையைக் குறுக்கே கொடுக்கிறாள். 'தொப்' என்று ஒரு சின்னச் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள்.

அப்பா நின்றபடியே நிற்கிறார், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு.