ஊருக்குப் போக லீவு

1978இல் நாகலூர் காப்பி எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்த அழகம்மா, ஒரு மாதமாகச் சரியாகவே சாப்பிடவில்லை. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ராஜேந்திரன் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“ஏனுங்கம்மா, ஒடம்புக்கு முடியலீங்களா?”

“ஊரு நெனப்புங்கய்யா. கண்ணை மூடுனா எங்க தோட்டந்தான் வருது.”

“அதுக்கென்னுங்க? ஒரு வாரம் லீவு தர்றேன், ஊட்டுக்குப் போயிட்டு வாங்க.”

“போக ஏலாதுங்கய்யா.”

“ஏனுங்க, ஊட்ல ஏதாச்சும் சண்டையா?”

“சண்டையில்லீங்க. கப்பல் ஏறணும். நான் பொறந்து வளந்ததெல்லாம் சிலோன்ல, ஹட்டன் பக்கம்.”

ராஜேந்திரன் பதிவேட்டைப் புரட்டினார். அவள் பெயருக்கு எதிரே ‘தாயகம் திரும்பியவர்’ என்றிருந்தது.

“அப்ப இதுதானுங்களே உங்க சொந்த நாடு?”

“அப்படிச் சொல்லித்தானுங்கய்யா அனுப்பி வச்சாங்க. இந்த நாட்டை நான் மொதமொதல்ல பாத்ததே கப்பலை விட்டு எறங்குனப்பதான்.”

ராஜேந்திரன் பதிவேட்டை மூடினார்.

“உக்காருங்க. உங்க ஊரு எப்படியிருக்கும், சொல்லுங்க.”