முன்பக்கம் இரண்டு அங்குலம்

“மான் ரத்தம்தான், பயப்படாதீங்க. காலையில குறுக்கே பாஞ்சிடுச்சு,” என்றான் வந்தவன்.

பம்பரைத் தடவிய விரலை வெர்னா பழந்துணியில் துடைத்துக்கொண்டாள். வயோமிங் மாநிலத்தில் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர்களில் மானை இடிக்காதவர் யார்? அவள் மனம் அங்கே இல்லை.

அவள் கடையில் டயர் மாட்டும் ஆர்லோ, அன்று விடியலில் வேலைக்கு நடந்து வந்தபோது ஏதோ ஒரு வண்டி அவனை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஷெரிஃப் ஹாலிஸ் தானே வந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சாவுச் சேதி சொன்னார். “மண்ணுல டயர் தடம் பதிஞ்சிருக்கு வெர்னா. எவனா இருந்தாலும் விடமாட்டேன்,” என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் அவள் கடையைத் திறந்திருந்தாள்.

“வண்டிக்கு என்ன செய்யணும்?”

“முன்பக்கம் தாழ்ந்து நிக்குது. தூக்கி, பின்பக்கத்துக்குச் சமமா நிறுத்தணும். பெரிய டயரும் போடணும். இப்பவே.”

“ரெண்டு இன்ச் லெவலிங் கிட் போதும். முப்பத்துமூணு இன்ச் டயர் உரசாம சுத்தும். முப்பத்தஞ்சுதான் வேணும்னா மட்கார்டு உள்பக்கம் கொஞ்சம் வெட்டணும். எது போடட்டும்?”

“எதையாவது போடுங்க.”

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். இந்த வேலைக்கு வருகிறவர்கள் கால் அங்குலத்துக்கு அரை நாள் வாதாடுவார்கள். பெண்டாட்டியைக்கூட அவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கமாட்டார்கள்.

“ஃபோர் வீல் டிரைவா, டூ வீலா? அதுக்குத் தகுந்த மாதிரி கிட் மாறும்.”

அவன் குனிந்து வண்டியின் அடியில் பார்த்தான். “ஃபோர் வீல்னுதான் நினைக்கிறேன்.”

புது வண்டி. நம்பர் பலகை இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் வண்டி விற்ற கடைக்காரன் ஒட்டிய தாள்தான் இருந்தது. டயர்களும் தேயவே இல்லை.

“பழைய டயரை நான் எடுத்துட்டுப் போயிடுறேன்,” என்றான் அவன், கேட்காமலே.

வண்டியை லிஃப்டில் ஏற்றி முன்சக்கரத்தைக் கழற்றினாள். உள்ளே ஸ்பிரிங் கம்பிச்சுருளில் ஒரு நீலத் துணி சுற்றிக் கிடந்தது. இழுத்தாள். ஈரமாக வந்தது. அதில் மஞ்சள் நூலில் தைத்த எழுத்துகள் அவள் கடையின் பெயர். அவளே ஆர்லோவுக்கு வாங்கிக் கொடுத்த சட்டை.

வெர்னா போய் ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.

“மான் சட்டை போட்டிருந்துச்சாடா?”

அவன் துணியைப் பார்த்தான். அடுத்த நொடி பாய்ந்து அவள் கழுத்தைப் பிடித்து டயர் அடுக்கின்மேல் தள்ளினான். அடுக்கு சரிந்து இருவரும் விழுந்தார்கள். கட்டைவிரல்கள் தொண்டையில் இறங்க இறங்க அவளுக்குக் கண் இருண்டது. ஸ்பேனரைக் குருட்டாம்போக்கில் வீசினாள். அவன் முழங்கை எலும்பு உடைகிற சத்தம் கேட்டது.

அவன் அலறிக்கொண்டே மற்றக் கையால் இடுப்புக் கத்தியை உருவிக் கீறினான். அவள் முன்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. கத்தி பிடித்த மணிக்கட்டைப் பூட்ஸால் மிதித்து நசுக்கினாள். வாயில் ஒரு அடி கொடுத்தாள். பற்கள் தரையில் சிதறின. முழங்காலில் இன்னொன்று. அவன் புழுவாகச் சுருண்டான்.

“துடிச்சுக்கிட்டு இருந்தவனை விட்டுட்டுப் போனியே, நீ மனுஷனாடா?”

ஸ்பேனரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கினாள். இன்னும் ஒரே அடி. மண்டை பிளந்துவிடும். பிளக்கட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

“வேணாம்! அடிக்காதே!” அவன் ரத்தத்தோடு துப்பினான். “ஷெரிஃபைக் கூப்பிடு! உன் கால்ல விழறேன், ஷெரிஃபைக் கூப்பிடு!”

ஓங்கிய கை அப்படியே நின்றது. இவனைக் கொன்றால் ஆர்லோ எழுந்து வந்துவிடப் போகிறானா? கோர்ட்டுக் கூண்டில் இவன் நிற்க வேண்டும். ஊரே இவனைப் பார்க்க வேண்டும். அவள் மெல்லக் கையை இறக்கினாள்.

“ஷெரிஃப், ஆர்லோவைக் கொன்னவன் என் கடையில கிடக்கிறான். வண்டியும் இங்கதான் இருக்கு,” என்றாள் போனில்.

ஹாலிஸ் குரலைத் தாழ்த்தினார். “நீ தனியாவா இருக்கே?”

“ஆமாங்க.”

“வேற யாரையும் கூப்பிட்டுக் கலவரம் பண்ணாதே. நானே வர்றேன்.”

அவர் வருகிறவரை வெர்னா ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. கை ரத்தம் சொட்டுச் சொட்டாகப் பூட்ஸில் விழுந்துகொண்டிருந்தது. ஷட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. “வெர்னா, நான் ஹாலிஸ்.”

பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கியதும், காலையிலிருந்து வராத அழுகை அவளுக்குப் பீறிட்டு வந்தது. “பிடிச்சுட்டேங்க,” என்றாள். ஸ்பேனர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

ஹாலிஸ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். லிஃப்டில் தொங்கிய வண்டியைப் பார்த்தார். நீலத் துணியைப் பார்த்தார். துப்பாக்கியை உருவிக்கொண்டு, மற்றக் கையால் தன் பின்னால் ஷட்டரை முழுவதும் கீழே இழுத்துவிட்டார்.

பிறகு தரையில் கிடந்தவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

“இங்க வேணாம், காஸ்பர் ஊருக்குப் போய் என் வண்டிக்கு டயர் மாத்துன்னுதானேடா சொன்னேன்?”