கலப்பு நூல்

தறிக்குழியில் கால் வைத்தபடியே பச்சையப்பன், வேலூரிலிருந்து வந்த வாத்தியாரை ஏற இறங்கப் பார்க்கிறான். "யூதருங்களோட பழைய வேதத்தை ஆராய்ச்சி பண்றேங்க. ரெண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தக்கூடாதுன்னு அதுல சட்டம் இருக்கு. கலப்பை எப்படிங்க கண்டுபுடிக்கிறது?" "இன்னாய்யா வேதம்! சொசைட்டி ஆளு, வேஷம் போட்டுகினு வந்துகிறான்," என்று பெண்சாதி அபிதகுசாம்பாள் புருஷன் காதோரம் முணுமுணுக்கிறாள். சுத்தப் பட்டு என்று நெசவாளர் சொசைட்டிக்காகத் தறியில் ஓடுவதில் பாதி ரேயான் என்ற செயற்கை நூல். தெரிந்தால் பிழைப்பே போகும். ஓட்டு இடுக்கில் விழும் வெயிலில் அது கூடுதலாகவே மினுங்குகிறது. "கொளுத்தினா, பட்டுன்னா மயிர் கருகுற வாசனை வரும், கலப்புன்னா காகித வாசனை," என்கிறான் பச்சையப்பன். "ஒரு இழை தாங்களேன்." வாத்தியார் கை தறிப்பக்கம் நீள்கிறது. அவள் குறுக்கே புகுந்து, அவன் நெய்துகொடுத்த தன் கல்யாணப் பட்டுப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஓரத்தில் ஒரு இழை உருவித் தருகிறாள். தீக்குச்சி உரசுகிறது. புகையில் காகித வாசனை. அவள் பார்வை வாத்தியாரை விட்டுப் புருஷன்மேல் திரும்புகிறது. அவன் குனிந்து, தறியில் அறுந்திராத இழைக்கு முடிச்சுப் போடுகிறான்.