கேப்டன் நண்டு சொன்னது

"ஒரிஜினல்ல வில்லன் கணக்கு வாத்தியாருடா! இவனுங்க இன்னாடான்னா வேற கிரகத்துலேர்ந்து எறக்கிக்கீறானுங்க!"

திருவொற்றியூர் தியேட்டர் வாசலிலேயே ரஞ்சித் ஆரம்பித்துவிட்டான். சின்ன வயதில் உயிராகப் பார்த்த கார்ட்டூன் 'கேப்டன் நண்டு'. இருபத்தெட்டு வருஷம் கழித்து அது தமிழ் பேசும் பெரிய படமாக வந்திருக்கிறது. ஆசை ஆசையாக முதல் காட்சிக்கே ஓடி வந்தவனின் முகம் இப்போது கருவாடாகக் காய்ந்திருந்தது.

"எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு மாமு" என்றான் ஃபர்ஹான்.

ஃபர்ஹான் அவனுக்குப் பால்ய தோஸ்து. ராயபுரத்தில் அவர்கள் தெருவிலேயே இங்கிலீஷ் மீடியம் படித்த ஒரே பையன். கேபிள் கனெக்ஷன் இருந்ததும் அவன் வீட்டில்தான். ஞாயிறு காலை ஆனால் பத்துப் பதினைந்து பேர் அந்தக் கூடத்தில் அடைந்து கிடப்பார்கள். அப்பேர்ப்பட்டவன் இன்று படம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். வாங்கிய பாப்கார்ன் பாதிக்கு மேல் அப்படியே கையில் இருந்தது.

"இன்னாத்த நல்லா இருந்துச்சு? கேப்டன் ஒரு மாசம் பூரா பகல்ல ஒண்ணியும் துன்னாமயே சண்ட போடுவாரே, அத காட்னானுங்களா? ஜெயிச்சதும் பிரியாணிக்கு தால்சா கேப்பாரே, அது வந்துச்சா? பர்கர துன்னுகினு கீறாரு, கலீஜா!"

"யோவ், அதெல்லாம் வுடு" என்று குறுக்கே வந்தாள் ரஞ்சித்தின் மனைவி மோகனப்ரியா. "மெயின் மேட்டருக்கு வா. அந்த டயலாக் வந்துச்சா?"

ரஞ்சித் கையிலிருந்த டிக்கெட்டைக் கசக்கி எறிந்தான்.

காசிமேட்டில் அவனுடைய புது ஃபைபர் படகு நாளைக்குத் தண்ணீரில் இறங்குகிறது. அதன்மேல் என்ன எழுதுவது என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரு வாரமாகச் சண்டை. கேப்டன் நண்டின் வசனம்தான் வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். 'எட்டு காலு கீறது ஓடறதுக்கு இல்ல, நிக்கறதுக்கு!' அப்படி ஒரு வசனமே கிடையாது, நீயே கனவு கண்டிருப்பாய், என் அம்மா 'மங்கை' பேரை எழுது என்று அவள். கடைசியில் ஒரு ஒப்பந்தம். படத்தில் வசனம் வந்தால் வசனம். வராவிட்டால் மாமியார்.

மாமியார்மேல் அவனுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கரையில் இருக்கும்வரை அதட்டுகிறவர் கடலுக்கும் கூட வரவேண்டுமா என்பதுதான் அவன் கவலை. பெயின்டர் கருணாகரன் காலையிலிருந்து பிரஷ்ஷோடு படகுப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார்.

படத்தில் வசனம் வரவில்லை. எதிரிகள் சூழ்ந்துகொண்ட இடத்தில் புது கேப்டன் ஏதோ பட்டனை அமுக்கிப் பறந்தே போய்விட்டார்.

"வர்ல" என்றான் ரஞ்சித். "ஆனா ஒரிஜினல்ல கீது! இவனுங்க கெடுத்து வெச்சா அதுக்கு நான் இன்னா பண்றது? ஃபர்ஹான கேளு!"

மோகனப்ரியா திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணா. நீங்க பொய் பேச மாட்டீங்க. பழைய கார்ட்டூன்ல அந்த டயலாக் வந்துச்சா?"

ஃபர்ஹானுக்குப் புரை ஏறியது. "வெயில் பேஜாரா கீதும்மா. மொதல்ல ஆளுக்கு ஒரு டீ சாப்ட்லாமா?"

"பாத்தியா, அண்ணனே பேச்ச மாத்துறாரு!"

"அவன இன்னாத்துக்கு சந்தேகப்படற?" ரஞ்சித்தின் குரல் சட்டென்று கம்மியது. "போன வருஷம் எண்ணூராண்ட எஞ்சின் நின்னு போச்சுன்னு சொன்னேனே... மீதிய சொல்லல. நல்ல காத்து. அலை ஆள் உயரம். கூட வந்த டில்லிபாபு பயத்துல குதிச்சி நீஞ்சப் பாத்தான். குதிச்சிருந்தா அவ்ளோதான். அவன் கைய புட்ச்சிகினு இந்த டயலாக்கத்தான் சொன்னேன். அப்பால அவனும் சொன்னான். ஆறு மணி நேரம் ரெண்டு பேரும் பைத்தியம் மாதிரி கத்திகினே இருந்தோம். அதாலதான் நான் வூடு வந்து சேந்தேன். இப்ப அது பொய்யின்றியா?"

மோகனப்ரியா இதைக் கேட்டதே இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இது தெரியாமல் ஒரு வாரமாக மல்லுக்கு நின்றோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கருணாகரண்ணா, எங்கம்மா பேரு வேணாம். அவரு சொன்னதையே எழுதுங்க. நல்லா பெருசா."

"சரிம்மா" என்றார் பெயின்டர். "யாரு சொன்னதுன்னு கீழ பேரு போடணுமா?"

"போடாம? 'கேப்டன் நண்டு'ன்னு போடு நைனா!" என்று ரஞ்சித் துள்ளினான்.

"போடாதீங்க!"

கத்தியது ஃபர்ஹான். பாப்கார்ன் எல்லாம் தரையில் கொட்டியது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாமு... அப்பல்லாம் அந்த கார்ட்டூன் இங்கிலீஷ்லதான வரும்? நான் டிவி பக்கத்துல குந்திகினு உங்களுக்கு தமிழ்ல சொல்லுவேன், ஞாபகம் கீதா?"

"கீது. அதுக்கு இன்னா இப்போ?"

"நான் இங்கிலீஷ்ல எப்பவும் ஃபெயிலு மாமு. அந்த நண்டு இன்னா பேசுதுன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."