ஈயம் ஏறும் வழி

ஊதுவிளக்கின் நீலச்சுடர் செம்புக் குழாயை நக்குகிறது. மாடிக்குத் தண்ணீர் ஏற்ற மஹ்பூபாவின் கணவர் சைகோனிலிருந்து கொண்டுவந்த குழாய் அது. தலைக்கு மேலே வளைவுத் துண்டுக்குள் அது நுழையும் இடுக்கைத்தான் கருப்பையன் ஈயத்தால் அடைக்கவேண்டும். கையில் மிச்சம் விரல்நீள ஈயக் கம்பி. அது தரையில் சொட்டி வீணானால், நிறைமாதக்காரி மஹ்பூபா மறுபடி மாடிக்குக் குடம் சுமக்கவேண்டியதுதான். காலமெல்லாம் அண்டாவுக்கு ஈயம் பூசியவர் கருப்பையன். உருகிய ஈயம் கீழே ஓடித்தான் பார்த்திருக்கிறார்.

"ஈயம் மேல ஏறுமாம்ல! ஒங்க வூட்டுக்காரரு நல்லாத்தான் கதை வுடுறாரும்மா."

"தைரியமா வைங்கண்ணே. கீழ ஊத்துச்சுன்னா எங்க அண்டாவுக்கும் ஒங்களுக்கும் இன்னையோட தலாக்குதான்!" கதவோரத்திலிருந்து சிரிக்கிறாள் மஹ்பூபா.

ஈயம் பிடிக்கத் தடவிய நவச்சாரத்தின் புகை கண்ணைக் கரிக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு கம்பியை இடுக்கில் தொடுகிறார். பளிச்! வெள்ளிச் சொட்டு ஒன்று திரள்கிறது, தொங்குகிறது, ஒரு கணம் தயங்குகிறது. பிறகு உள்ளேயிருந்து யாரோ உறிஞ்சியதுபோல் சரேலென்று மேலே போய்விடுகிறது. கம்பி கரையக் கரைய இடுக்கு குடித்துக்கொண்டே இருக்கிறது. குழாயைச் சுற்றி மோதிரம்போல் ஒரு மினுக்கம். தரையில் ஒரு பொட்டுகூட இல்லை. விளக்கை அணைக்கத் தோன்றாமல் அண்ணாந்தபடியே நிற்கிறார் கருப்பையன்.

"எம்மா," என்கிறார். "நான் ஒண்ணுமே பண்ணலம்மா. அதுவா போவுது."